நாலாவது அட்டை

தங்கப்புஷ்பம் சித்தி முழங்காலில் கையூன்றி எழுந்து நின்றபோது எப்சிபாய்க்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். முதலில் தங்கப்புஷ்பம் சித்தி, அடுத்து பெர்லின், அடுத்து செல்லக்கனி அக்கா, அதற்கும் அடுத்து இவள் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்திருந்த ஞானப்பூ அத்தை, இவள் மாமியார். அத்தைக்குப் பிறகு இவள். நாலு பேர் என்றால் நிறைய நேரம்தான், தங்கப்புஷ்பம் சித்தி ஒருத்தியே நாலு பேர் நேரத்தை முழுங்குவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மடியில் யாபேஸ் தூங்கினான். ஏழு மாதப் பிள்ளை இந்தக் கனம் கனக்குமா, வலது தொடை மரத்துப்போய் அது தன் தொடைதானா என்றே தெரியவில்லை. சங்கக் கட்டடத்து மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிடுக்கென்றது, ஜமுக்காளத்தில் தேரிக்காட்டுச் செம்மண் நறநறத்தது, யார் யார் காலில் ஒட்டி வந்த மண்ணோ. மாதர் சங்கத்தின் வருடக் கடைசிக் கூட்டம் என்றால் இதுதான் வழக்கம். ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஆளுக்கொரு பைபிள் வசனமாக எடுத்த வாக்குத்தத்த அட்டைகளை டிசம்பரில் கொண்டுவர வேண்டும், எழுந்து நின்று தன் வசனத்தைச் சொல்லி, வீட்டாள்கள் வசனத்தையும் சொல்லி, ஆண்டவர் அதை எப்படி நிறைவேற்றினார் என்று இரண்டு வார்த்தை சாட்சி சொல்லி உட்கார வேண்டும். செயலாளர் சுகந்தி டீச்சர் நோட்டில் பேரையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எழுதிக்கொள்வார். போன வருடங்களில் எப்சிபாய் வாய் திறந்ததே இல்லை, அவளுக்கும் சேர்த்து அத்தைதான் பேசுவாள், அதுவே அவளுக்கு வசதியாகவும் இருந்தது. இன்றைக்கு அவள் பைபிளுக்குள் நாலு அட்டை இருந்தது. மூன்று யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நாலாவது யாருடையது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை இன்றைக்கு வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அத்தை சொல்லிவிடுவாள், தப்பாக, அது நோட்டில் ஏறிவிடும், ஏறியது ஏறியதுதான்.

அட்டை எடுத்த காலை இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. கோயில் வாசலில் உபதேசியார் எவர்சில்வர் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நின்றார், அட்டைகள் எழுத்து தெரியாமல் கவிழ்த்துப் போட்டிருந்தன, பின்னால் தள்ளுகிற கூட்டம், புதுச்சேலை மொடமொடப்பு, பவுடர் வாசம். "வீட்ல எத்தன பேரும்மா, பாத்து எடு" என்றார் உபதேசியார். அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. அத்தைக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கெச்சிக்கு ஒன்று. நாலாவது அட்டை கைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, மகள் கெச்சியைப் புதைத்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது. வேளாவேளைக்கு நாலு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறவளுக்கு இது பழகின தப்புதான், ஆனால் தட்டைத் திரும்ப அடுக்கிவிடலாம், எடுத்த வசனத்தைத் திரும்பத் தாம்பாளத்தில் போடக்கூடாது என்பார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அத்தை எட்டிப் பார்த்தாள், நாலு அட்டையை எண்ணினாள், முகம் மலர்ந்தது, முன்னும் பின்னும் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "பாத்தியளா, வயித்துப் பிள்ளைக்கும் சேத்து எடுத்திருக்கா, எம்மருமவ வெவரக்காரி" என்றாள். அப்போது இவளுக்கு வயிற்றில் நாலரை மாதம். எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தி வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். இவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை இவள் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து கெச்சியின் அட்டை வயிற்றுப் பிள்ளையின் அட்டை ஆயிற்று, மே மாதம் பிள்ளை பிறந்ததும் இவள் புருஷன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொட்டிலுக்கு மேலே மாட்டினார். சங்கீதம் நூற்று இருபத்தொன்று, எட்டு. கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார். இன்றைக்கு மத்தியானம் சட்டத்தைக் கழற்றி அட்டையை உருவினாள், சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை தெரிந்தது, மற்ற இடமெல்லாம் இந்த ஏழு மாதத்தில் ஏறிய அடுப்புப் புகை.

"என் வசனம், வறண்ட தரையில தண்ணி ஊறும்னு வந்துச்சு" என்று தங்கப்புஷ்பம் சித்தி ஆரம்பித்தாள். "அத நம்பி போர் போட்டோம் ஐயரம்மா. முன்னூத்தம்பது அடி. பொகதான் வந்துச்சு." ஜமுக்காளம் முழுக்கச் சிரித்தது. குருவானவரின் மனைவியை இந்தப் பக்கத்தில் ஐயரம்மா என்பார்கள், ஜூன் மாதம் மாற்றலாகி வந்தவர், சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு, "அப்புறம் சாட்சி என்னம்மா?" என்றார். "பக்கத்து வீட்டுக்காரன் மறு வாரம் போட்டான், நூத்தி இருவதுலயே பீச்சி அடிக்கி. எனக்கு வந்த வசனம் அவனுக்கு நிறைவேறிட்டு. நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போறேன், அதான் சாட்சி." சுகந்தி டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எப்சிபாய்க்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. ஒருத்திக்கு வந்தது இன்னொருத்தருக்கு நிறைவேறுமா? அப்படியென்றால் அக்காளுக்கு எடுத்தது தம்பிக்கு நிறைவேறினால் என்ன குறைந்துவிடும், பேசாமல் விட்டுவிடலாமே, வாயை மூடிக்கொண்டு இருப்பது இவளுக்கு என்ன புதுசா. ஆகஸ்டில் யாபேஸுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த நாலு நாளும் இதேதான் அவளை அரித்தது. இவனுக்கென்று ஒரு வசனம் எடுக்கவில்லையே, மற்றவள் வசனத்துக்குக் கீழே அல்லவா கிடத்தியிருக்கிறேன், வாடகை வீட்டில் குடிவைத்த மாதிரி, வீட்டுக்காரி வந்து கேட்டால்? கேட்கமாட்டாள். கெச்சி எதையும் தன்னுடையது என்று பிடுங்கிக்கொள்கிற பிள்ளை இல்லை, மிட்டாயைப் பாதி கடித்துக் கொடுப்பாள், எச்சிலோடு. தம்பிக்கும் கடித்துக் கொடுத்திருப்பாள். பிள்ளை பிழைத்து எழுந்தான். அதற்காக அட்டை அவனுடையது ஆகிவிடாது. அவள் கொடுத்தாள் என்றுதான் ஆகும். கொடுத்தவள் பேரைச் சொல்ல வேண்டாமா? மூன்று தரம் சொல்லாமல் இருந்துவிட்டாள். பேருந்தில் ஒருத்தி "ஒரே பிள்ளையா?" என்று கேட்டபோது தலையை ஆட்டினாள், ஒரு தரம். கைக்குழந்தைக்குச் சட்டை வாங்கப் போன கடையில் "மொதப் பிள்ளைக்கா, கொஞ்சம் பெரிசா எடுங்க" என்றபோது உம் கொட்டினாள், இரண்டு. புது ஐயர் வீடு சந்திக்க வந்து "மூத்த மகனா?" என்று யாபேஸின் தலையில் கைவைத்தபோது அத்தை முந்திக்கொண்டு, "ஆமய்யா, மூத்தவன்" என்றாள், இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மூன்று. மூன்று தரம் மறுதலித்த சீஷனுக்குக் கூவின மாதிரி இவளுக்குச் சேவல் எதுவும் கூவவில்லை. ஐயர் போன பிறகு அத்தை சொன்னாள், "ரெண்டுன்னு சொன்னா மத்தது எங்கன்னு கேப்பாவ, நீ ஒப்பாரி வைப்ப. நம்பிக்க உள்ளவ அழமாட்டா. ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போயேன்."

பெர்லின் எழுந்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருடம், இன்னும் வளையல் சத்தத்தோடுதான் எழுந்திருப்பாள். "டீச்சர், எனக்கு அட்ட இல்ல." "ஏம்மா?" "எலி கொண்டுபோயிட்டு டீச்சர்." "எலிக்கு எதுக்குட்டி வாக்குத்தத்தம்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "சரி, ஏதாவது ஒரு வசனம் சொல்லிட்டு உக்காரு" என்றார் டீச்சர். பெர்லின் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், "இயேசு கண்ணீர் விட்டார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள். வசனம் படிக்காமல் வருகிற பிள்ளைகள் எல்லாம் தப்பித்துக்கொள்வதற்கென்றே அந்தச் சின்ன வசனம் இருக்கிறது, அதனால் மறுபடியும் சிரிப்பு. எப்சிபாய் சிரிக்கவில்லை. அவள் அந்த இடத்தை விரல் வைத்து வாசித்திருக்கிறாள், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள், அவளுக்கு எழுத்துகள் ஒவ்வொன்றாகத்தான் கதவைத் திறக்கும், ஆனால் திறந்த கதவை அவள் மறப்பதில்லை. செத்த லாசருவை எழுப்பத்தான் அவர் வந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கல்லைப் புரட்டச் சொல்லிக் கூப்பிடப்போகிறார், அவன் கட்டுத்துணியோடு வெளியே வரப்போகிறான், அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழுதார். அப்படியானால் அத்தை சொல்வது சரியில்லை. எழும்புவாள் என்று தெரிந்தவள்கூட அழலாம், தெரிந்தவளுக்குத்தான் அழ உரிமை உண்டு. இது அவள் தானே கண்டுபிடித்தது, எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. கெச்சி அழவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாயங்காலம், கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, "எம்மா, பசிக்கி, பன்னு" என்றாள். கெச்சியின் அப்பா கீழே கடையில் தேங்காய் பன் வாங்கி வந்து வைத்திருந்தார். நர்ஸம்மா நல்ல மாதிரி, தலையைத் தடவி, "இப்ப வாயில ஒண்ணும் குடுக்கக்கூடாது கண்ணு, காலையில தின்னலாம்" என்றார். கெச்சி சரி என்று தலையாட்டினாள். சாப்பிடாதே என்றால் சாப்பிடாத பிள்ளை. நாலரை வயதில் அந்தப் பிள்ளைக்கு இருந்த அடக்கம் ஊரில் எந்தப் பெரிய மனுஷிக்கு இருக்கிறது? "பன்ன பத்திரமா வையும்மா" என்றாள். பயம் இல்லை அவள் முகத்தில், பன் காலையில் கிடைக்கும் என்று நம்புகிற முகம், அந்த முகத்தோடுதான் விரலைப் பிடித்தபடி போனாள். பன் காலையில் இருந்தது. அந்தக் காகிதப் பொட்டலத்தை இவள் எத்தனை மாதம் நினைத்து நினைத்து நெஞ்சில் கல்லாகச் சுமந்தாள். பசியோடு அனுப்பிவிட்டேன், பசியோடு அனுப்பிவிட்டேன். பிறகு ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் யவீருவின் செத்துப்போன மகளைப் பற்றி வாசித்தார்கள், இயேசு அந்தச் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினார், எல்லோரும் ஆச்சரியப்பட்டு நின்றார்கள், அவர் ஆச்சரியத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அதைக் கேட்டதும் இவள் எழுந்து அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டாள், அழுகை இல்லை, வேறு ஒன்று, நெஞ்சு நிமிர்கிற மாதிரி. எழுப்பினால் முதல் வேலை சோறு போடுவது என்று தெரிந்த ஆண்டவர். பிள்ளை பெற்றவளுக்குத் தெரிகிறது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் கையில் பன்னோடு நிற்பேன். மற்றவர்கள் அல்லேலூயா பாடட்டும்.

செல்லக்கனி அக்கா மகனுக்கு விசா வந்த சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தாள், எந்த ஊர், எந்தக் கம்பெனி, பெட்டி எத்தனை கிலோ, எல்லாம் வந்தது, ஐயரம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் அக்காவும் அத்தையும்தான். யாபேஸ் தூக்கத்தில் உதட்டைச் சப்பினான், கெச்சியும் இப்படித்தான் சப்புவாள், இடது பக்கம் மட்டும். ஜன்னல் வழியே பார்த்தால் உடைமரங்களுக்கு அப்பால் கல்லறைத் தோட்டத்தின் மூலை தெரியும், வெயில் சாய்கிற நேரத்தில் அங்கே ஒரு நீலம் மினுங்கும், அது கெச்சி. தேரி மண் ஓர் இடத்தில் நிற்காது, ஆடிக் காற்றில் குழந்தைகளின் சின்ன மேடு தரையோடு தரையாகிவிடும், அந்தப் பயத்தில் இவள் தினமும் போய் மண்ணைக் கூட்டிக் கூட்டி வைத்தாள், கை கொப்புளித்தது. அவர் டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிறு சாந்துச் சட்டியோடு போய், எந்த வீட்டுக் குளியலறையிலோ மிஞ்சிய நீலக் கல்லைச் சுற்றிலும் பதித்துவிட்டு வந்தார், மூலைக்கு மூலை மட்டம் பார்த்து, இடைவெளிக்கு வெள்ளைச் சிமெண்டு பூசி. "குளிமுறிக் கல்லக் கொண்டுபோயா கல்லறையில பதிப்பாவ?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பதித்தால் என்ன? பெரிய பெரிய குடும்பத்துக் கல்லறையெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறது, ரோட்டில் போகிற பேருந்துக்குத் தெரிவது என் பிள்ளையுடையது ஒன்றுதான். அடக்க ஆராதனையில் பழைய ஐயர், நாமெல்லோரும் மறுரூபமாக்கப்படுவோம் என்று வாசித்தார், அந்தச் சொல் இவளுக்குப் பிடிக்கவே இல்லை. மாறட்டும், காய்ச்சல் போகட்டும், கையில் ஊசி குத்தின கறுப்பு போகட்டும், ஆனால் ரொம்ப மாற்றிவிடாதேயும் ஆண்டவரே, அடையாளம் தெரிகிற அளவுக்காவது விட்டுவையும், இடது பக்கம் உதடு சப்புகிறது இருக்கட்டும். கெத்சியாள் என்று பேர் வைத்தது அவர்தான், கேட்க நன்றாயிருக்கிறது என்று வைத்தார், அது யோபுவின் மகள் பேர், துக்கமெல்லாம் தீர்ந்த பிறகு அவனுக்குப் பிறந்தவள் என்பது அப்போது ரெண்டு பேருக்கும் தெரியாது. பிள்ளை போன பிறகு இவள் யோபுவைத் தேடி வாசித்தாள், ஒரு மாதம் ஆயிற்று கடைசிப் பக்கத்துக்கு வர, பீடி சுற்றுகிற தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விரலை எழுத்தின்கீழ் ஓட்டி. ஆண்டவர் எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தாராம். ஏழாயிரம் ஆடு போயிற்று, பதினாலாயிரம் வந்தது. மூவாயிரம் ஒட்டகம் போயிற்று, ஆறாயிரம் வந்தது. மாடும் கழுதையும் அப்படியே. பிள்ளைகள் பத்துப் பேர் போனார்கள், இருபதுதானே வர வேண்டும்? பத்துதான் வந்தது. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் இவள் எப்போதும் முதல், அதனால் விரல் அங்கேயே நின்றுவிட்டது. எழுதினவர் தப்பாக எழுதிவிட்டாரா? திரும்ப முன் பக்கத்துக்குப் போய் எண்ணினாள், திரும்பப் பின்னால் வந்து எண்ணினாள். பிறகு புரிந்தது, புரிந்ததும் மயிர்க்கூச்செறிந்தது. ஆடு செத்தால் போயிற்று, அதனால் இரண்டு பங்கு கொடுத்தாக வேண்டும். பிள்ளைகள் போய்விடவில்லை. முதல் பத்தும் அவர் கையில் அப்படியே இருக்கிறது, மேற்கொண்டு பத்து கொடுத்தால் இருபது. ஆண்டவர் இரண்டு தரமும் எண்ணியிருக்கிறார். வேகமாக வாசிக்கிறவர்களுக்கு இது அகப்படாது. சுகந்தி டீச்சர் எம்.ஏ., அவருக்கு அகப்பட்டிருக்குமா தெரியாது, கேட்க இவளுக்குக் கூச்சம், ஆனால் அன்றிலிருந்து தண்ணீர்ப் பம்பில் குடத்தோடு நிற்கும்போதும் உள்ளுக்குள் ஒரு கர்வம், எனக்கு ஒன்று தெரியும், உங்கள் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவள்தான் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வந்தாள், ஒன்று என்று.

செல்லக்கனி அக்கா உட்கார்ந்தாள். கைதட்டல். உள்ளங்கை வேர்த்து அட்டையின் ஓரம் நனைந்துவிட்டது, எழுத்து கலைந்துவிடுமோ என்று சேலையில் துடைத்தாள். கெச்சி எப்படி நிற்பாள்! போன வருடத்துக்கு முந்தின ஆகஸ்டில் ஓய்வுநாள் பள்ளிப் பண்டிகை, மேடையில் மைக் அவள் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருந்தது, அதைத் தாழ்த்தக்கூட விடவில்லை, கவுன் நுனியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு இடுப்பை வளைத்து நின்றாள். முதல் வரிசையிலிருந்து அத்தை ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், "நேரா நில்லுட்டி!" கோயிலே சிரித்தது. பிள்ளை விறைப்பாக நிமிர்ந்தாள், வசனம் எந்த ஆகமத்தில் எத்தனையாவது அதிகாரத்தில் என்கிற இருப்பிடத்தைச் சொன்னாள், வசனம் சொன்னாள், எல்லோரும் முடிந்தது என்று கைதட்டப் போனபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் இருப்பிடத்தைச் சொன்னாள். முன்னால் ஒரு தரம் பின்னால் ஒரு தரம் இருப்பிடம் சொல்ல வேண்டும் என்பது ஓய்வுநாள் பள்ளிச் சட்டம். வீட்டில் இவளுக்கும் அதே சட்டம்தான். இவள் வசனத்தைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினால், முந்தானையைப் பிடித்து இழுத்து, "எம்மா, இருப்பிடம் சொல்லாம போவக்கூடாது, எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்பாள்.

அத்தை எழுந்தாள். "எனக்கு வந்தது, நரைவயசு மட்டும் உன்னத் தாங்குவேன்னு. தாங்குதாரு. மருமவளும் தாங்குதா, என்ன, கொஞ்சம் மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டுத் தாங்குதா." சிரிப்பு. அத்தை மகனின் வசனத்தைச் சொன்னாள், வேலை குறைவில்லாமல் கிடைத்ததைச் சொன்னாள். "இவ பேசமாட்டா டீச்சர், வாயில கொழுக்கட்ட, நானே சொல்லிருதேன்" என்று இவள் வசனத்தையும் சொன்னாள். இப்போது என்று இவள் நினைத்தாள், இப்போது, மின்விசிறி கிடுக்கென்றது, வேண்டாம், வீட்டுக்குப் போய் அத்தையிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், இவ்வளவு பேர் முன்னால் எதற்கு, சங்கத்தில் முதல் தரம் வாய் திறக்கிறவள் மாமியார் பேச்சை வெட்டிக்கொண்டா திறப்பாள், நாளைக்குப் பம்பில் என்ன பேசுவார்கள், கிடுக், அத்தை கையை நீட்டி, "அட்டயக் கொடு" என்றாள், இவள் கொடுக்கவில்லை, அத்தைக்கு அட்டை தேவையில்லை, மனப்பாடம், "நாலாவது எம்பேரனுக்கு, வயித்துல இருக்கும்போதே எடுத்தது, கர்த்தர் உன் போக்கையும்..." "இல்ல." யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். இவளும் திரும்பியிருப்பாள், குரல் தன் தொண்டையிலிருந்து வந்திராவிட்டால்.

"அது யாபேஸுக்கு எடுக்கல அத்த. கெச்சிக்கு எடுத்தது."

அத்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பின்வரிசையில் கிசுகிசுத்தவர்களை டீச்சர் பேனாவால் அடக்கினார். ஐயரம்மா குனிந்து, மெதுவாக, "கெச்சி யாரும்மா?" என்றார். யார் என்று தெரியாமலே ஆறு மாதம் ஆகியிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே நீலமாக மினுங்கிக்கொண்டிருக்கிறாள், யாரும்மா என்று கேட்கும்படி வைத்துவிட்டேனே. "எம் மூத்த பிள்ள ஐயரம்மா. கெத்சியாள். நாலரை வயசு. அந்த நீலக் கல்லு பதிச்சது." "அது ஒன் பிள்ளையாம்மா..." என்று ஐயரம்மா சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். "அப்ப எம்பேரனுக்கு?" என்றாள் அத்தை. கோபமா என்னவென்று பிடிபடாத குரல், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல் கேட்ட மாதிரி. "அவனுக்கு எடுக்கல அத்த. பொறந்ததுலருந்து அக்கா அட்டைக்குக் கீழதான் தூங்குனான். வர்ற வருசம் அவனுக்கும் எடுக்கணும்." டீச்சர் நோட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "வீட்ல எத்தன பேருன்னும்மா எழுத?" எத்தனை எளிய கணக்கு. "அஞ்சு டீச்சர்." டீச்சரின் பேனா அத்தையின் முகத்தைக் கேட்பதுபோல் அந்தரத்தில் நின்றது. அத்தை யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு கையையும் இவள் மடிக்குள் கொடுத்து யாபேஸை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். மரத்த தொடையில் இரத்தம் ஊசி ஊசியாகப் பாய்ந்தது. "எந்திரிச்சிச் சொல்லு" என்றாள். எப்சிபாய் சுவரைப் பிடித்து எழுந்தாள், ஒரு கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, கழுத்தைத் தாழ்த்தி, எப்போதும் நிற்கிற மாதிரி நின்றாள். பக்கத்திலிருந்து, பிள்ளையின் முதுகைத் தட்டியபடி, அத்தை சொன்னாள், "நேரா நில்லுட்டி."

நிமிர்ந்தாள். "கெத்சியாளோட வசனம். சங்கீதம் நூத்தி இருபத்தொண்ணு, எட்டு. கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள், விரல் எழுத்தின்கீழ் ஓடவில்லை. சாட்சி சொல்ல வேண்டும், அது இவள் யோசித்து வைக்காதது, நாலு பேர் நேரம் முழுக்கச் சொல்லலாமா வேண்டாமா என்பதிலேயே போய்விட்டது, ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது, அன்றைக்குத் தாம்பாளத்தில் கை போன மாதிரி. "பாதி நிறைவேறியிருக்கு. பயப்படாம போனா. போக்கக் காத்தாரு. வரத்து இன்னும் இருக்கு, மொதல்ல போக்கு, பொறவுதான் வரத்துன்னு போட்டிருக்கு. வரும்போது பசியோட வருவா, நான் பாத்துக்கிடுவேன்." யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், பெர்லினாக இருக்கும். டீச்சர் நோட்டில் எழுதுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், உட்கார்ந்துவிடலாம், பெரியவர்கள் எல்லோரும் இத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். எப்சிபாய் உட்காரப் போனாள், முழங்கால் மடங்கக்கூடச் செய்தது, முந்தானையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி நின்றுவிட்டாள். திரும்ப நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்து, உடைமரங்களைத் தாண்டிக் கேட்கிற குரலில், "சங்கீதம் நூத்தி இருபத்தொண்ணு, எட்டு" என்றாள்.